சிலந்திக்கு வலது பக்கம் சுளுக்கு

காட்டூர், திருச்சி
13.7.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஆசீர் வணக்கத்துடன் எழுதுவது. நானும் லிசியும் அனிஷாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். லிசிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொய்யா மரத்திலிருந்து விழுந்த என் வலது கால் மழைக்கு முன்னால் வழக்கம்போல் செய்தி வாசிக்கிறது. உங்கள் மூட்டுவலியும் மதரின் இருமலும் எப்படி இருக்கின்றன?

உங்கள் மடத்தில் போன் கிடையாது, நீங்கள் வெளியே வருவதும் கிடையாது. அதனால் வீட்டுச் சங்கதியை நான்தான் எழுதியாக வேண்டும். இந்தச் சங்கதியை எழுதக் கை கூசுகிறது. உங்கள் மருமகள் அனிஷா சினிமா எடுக்கப் போகிறாள். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தவள், மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, "அப்பா, நான் ஒரு சிலந்திப் படம் எடுக்கிறேன்" என்றாள். எனக்கு முள் சிக்கிக்கொண்டது.

கதையைக் கேளுங்கள். தொட்டியம் பக்கம் ஒரு வாழைத்தோப்பு. அதில் ஏதோ புது உரம் போடுகிறார்கள். உரத்தைத் தின்ற சிலந்தி ஷேர் ஆட்டோ அளவுக்கு வளர்ந்து, தார் வெட்ட வருகிற ஆட்களைப் பிடித்து நூலில் சுற்றி மரத்துக்கு ஒருவராகத் தொங்கவிடுகிறது. அந்த உரத்துக்கு வாழையே அப்படி வளரவில்லை, சிலந்தி மட்டும் எப்படி வளர்ந்தது என்று கேட்டேன். "லாஜிக் பாக்காதீங்கப்பா" என்றாள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் ஃபேக்டரியில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம் வந்து பார்க்காதே என்கிறாள்.

வெளிநாட்டில் இந்த மாதிரி மலிவுச் சிலந்திப் படங்கள் குப்பையாகக் கொட்டிக் கிடக்கின்றன. போனில் காட்டினாள். சிலந்தி வரும்போது கேமரா ஆடும், புகை வரும், ஒரு பெண் கத்துவாள். அவ்வளவுதான் படம். பார்த்தவர்களெல்லாம் கீழே கெக்கலி கொட்டி எழுதியிருக்கிறார்கள். "என் படத்தைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கப்பா. பயப்படுவாங்க" என்கிறாள்.

கடைசியில் எங்களுக்குள் ஒரு பேச்சு முடிவாகியிருக்கிறது. படத்தைப் பார்த்து ஒரே ஒருத்தராவது நிஜமாகப் பயந்தால் நான் இனி வாயைத் திறக்க மாட்டேன், அவள் இஷ்டத்துக்குச் சினிமா எடுக்கலாம். எல்லாரும் சிரித்தால் சினிமாவுக்கு முழுக்கு. பக்கத்து ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை பேசி வைத்திருக்கிறேன், வருகிற ஜூனில் சேர வேண்டும். கையடித்துக் கொடுத்துவிட்டாள். அதுவரைகூடப் போக வேண்டாம். இந்தப் படம் தொடங்கும் முன்பே நின்றுபோக மடத்தில் எல்லாரும் ஜெபியுங்கள்.

மரியே வாழ்க.
தங்கள் தம்பி
ஆசீர்

-----

மடம்
2.8.2025

சேசு மரி சூசை

பிரியமுள்ள தம்பி ஆசீருக்கு அக்கா இருதயமேரியின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். என் மூட்டு முழங்காலிடும்போது மட்டும் முனகுகிறது. மதருக்கு இருமல் போய்த் தும்மல் வந்திருக்கிறது.

எங்களுக்கு வருகிற கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் தருவார் என்பது உனக்குத் தெரியும். உன் கடிதம் இந்த முறை தாமதமாகத்தான் கைக்கு வந்தது. திரும்பத் திரும்பப் படித்தாராம். சாயங்காலம் எல்லாரும் கூடியிருக்கும்போது என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். சிலந்தி ஆட்களைத் தொங்கவிடும் இடத்தில் நிறுத்தினேன். "அப்புறம்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

படம் நின்றுபோக ஜெபிக்கச் சொல்கிறாய். ஜெபத்தில் வைத்தாகிவிட்டது. ஆனால் ஆண்டவர் எதைச் செய்ய வேண்டும் என்று நாங்கள் விவரம் சொல்வதில்லை.

பயத்தைப் பற்றி நீ பேசலாமா? கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிறவன் நீ. காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தும் நீச்சல் தெரியாது, வாய்க்காலைக் கண்டால் பத்தடி தள்ளி நடப்பாய். உன் மகள் துணிச்சல்காரியாக இருந்தால் அது லிசியின் வழி.

கால் வலியைப் பற்றிச் சரியாக எழுது. நீ வருஷம் ஒருமுறை பார்க்க வரும்போது, சந்திப்பு அறையில் திரை விலகுகையில் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். திரை மூடும்வரை எழுந்திருக்க மாட்டாய். உன் காலைப் பற்றி உன் வாய் சொல்வதைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது.

சேசுவுக்கே புகழ்.
அக்கா இருதயமேரி

பி.கு. அந்தச் சிலந்தி ஆணா பெண்ணா என்று மதர் கேட்கிறார்.

-----

காட்டூர்
7.9.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் மூவரும் நலம். தாங்களும் மற்ற சிஸ்டர்களும் நலமா? மதரின் தும்மலுக்கு மிளகு ரசம் நல்லது என்று லிசி சொல்கிறாள். சிலந்தி பெண்ணாம். அனிஷா சொன்னாள்.

அது எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் பிறந்துவிட்டது. கோழியை அடைக்கிற பஞ்சாரக் கூடை இருக்கிறதே, அதில் பெரியதாக ஒன்றைக் கவிழ்த்து உடம்பாக்கியிருக்கிறார்கள். மேலே கறுப்புச் சாயம் போட்ட வாழை நார். கண்ணுக்கு ஸ்கூட்டர் விளக்கு. கால்கள் பிளாஸ்டிக் பைப், அவற்றை ஒரு கம்பிச் சட்டத்தில் பூட்டி சைக்கிள் பிரேக் ஒயரால் இழுக்க வேண்டும். எட்டில் ஆறு கால்தான் பைப். நடுவில் இருக்கிற இரண்டும் அசல் கால், கூடைக்குள் குனிந்து நிற்கிற ஆளுடையவை.

அனிஷாவோடு படித்த ஜோஸ்வின்தான் கேமராமேன். சட்டத்தை வெல்டிங் செய்ததும் அவன்தான். கோழி எச்சமிட்ட மாதிரி பற்றவைத்திருந்தான். சகிக்காமல் அதையெல்லாம் அறுத்துப்போட்டு நானே மறுபடி பற்றவைத்துக் கொடுத்தேன். இதை உதவி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பாதுகாப்பு விஷயம்.

ஆனாலும் உங்கள் ஜெபம் பலித்துவிட்டது போலிருக்கிறது. கூடைக்குள் நிற்கப் பெனடிக்ட் என்று ஒரு பையன் ஒத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை உள்ளே போய் வந்தவன், மூச்சு முட்டுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இப்போது சென்னையில் வேலை கிடைத்துவிட்டதாம். வேறு யாரும் வரத் தயாராக இல்லை. படம் நின்ற மாதிரிதான். அனிஷா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஷெட்டில் போய்ச் சிலந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் வீடு நன்றாக இல்லை அக்கா.

மரியே வாழ்க.
ஆசீர்

-----

மடம்
20.9.2025

பிரியமுள்ள தம்பிக்கு, இங்கே சுகம். ரசத்தில் தும்மல் நின்றது, லிசிக்கு மதர் நன்றி சொல்லச் சொன்னார்.

அவசரமாக எழுதுகிறேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோனியார் என்பதால், சிலந்திக்கு ஆள் கிடைக்க அவருக்கு நவநாள் தொடங்கியிருக்கிறோம். நீ கேட்ட ஜெபம் வேறு, இது வேறு. குழம்பிக்கொள்ளாதே. ஆள் கிடைத்ததும் உடனே எழுது. பிள்ளையைச் சாப்பிடச் சொல்.

அக்கா இருதயமேரி

-----

காட்டூர்
26.10.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். எனக்கு இரண்டு தோள்பட்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, லிசி தைலம் தேய்க்கிறாள். தொட்டியத்தில் ஒரு வாழைத்தாரைத் தூக்கியதில் வந்தது. அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளி போதுமா?

அந்தோனியார் கைவிடவில்லை. ஆள் கிடைத்துவிட்டார். கொஞ்சம் வயசானவர். கூலி கேட்பதில்லை. சொன்ன பேச்சும் கேட்பதில்லை என்று அனிஷாவுக்கு ஒரு குறை. பெயரெல்லாம் எதற்கு, டைட்டிலில்கூடப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மேற்பார்வைக்காக நானும் தினம் தொட்டியம் போய் வருகிறேன். வெள்ளைச்சாமி என்கிறவர் தோப்பைக் கொடுத்திருக்கிறார். சிலந்தியைப் பார்த்து அவருடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அனிஷாவுக்கு ஒரே சந்தோஷம். மாடு நம் கணக்கில் வராது என்று சொன்னேன். வெள்ளைச்சாமியின் மனைவி பவுனம்மாள் மதியம் மோர் கொண்டுவருவார். நல்ல புளிப்பு மோர். அந்தக் கூடைக்குள் இருக்கிற சூட்டுக்கு அது உயிரைக் கொடுக்கும். உள்ளே இருந்தவர் சொன்னார்.

தோப்புக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால். மேலே ஒற்றைத் தென்னந்தடியைப் போட்டுப் பாலம். சிலந்தி அதைக் கடந்து ஊருக்குள் போவதுதான் கிளைமாக்ஸ். வாய்க்கால் முட்டத் தண்ணீர். "டம்மி வெச்சு இழுத்துக்கலாம், வேணாம்" என்று அனிஷா கெஞ்சினாள். சிலந்திக்கு டூப்பா என்று நான் சத்தம் போட்டேன். நேற்று எடுத்து முடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. டேக் முடிந்ததும் அந்தப் பிள்ளை ஏன் அப்படி அழுதது என்று எனக்குத் தெரியவில்லை.

மரியே வாழ்க.
ஆசீர்

-----

மடம்
15.11.2025

பிரியமுள்ள தம்பிக்கு, கம்பளி போதும். உன்னைப் பற்றித்தான் கவலை.

வாழைத்தார் தூக்கினால் ஒரு தோள்தானே வலிக்கும். இரண்டும் எப்படி வலிக்கிறது? நீ எதையோ மறைக்கிறாய். நெஞ்சு டாக்டரைப் பார்த்தாயா? நம் வீட்டில் எல்லாருக்கும் இந்த வயசில்தான் நெஞ்சு தொந்தரவு கொடுத்திருக்கிறது. மறைத்துவிட்டு, ஒருநாள் லிசி கையெழுத்தில் எனக்குக் கடிதம் வர வைக்காதே. நான் இங்கிருந்து ஓடி வர முடியாது, அது உனக்கே தெரியும்.

இம்மாதக் கடைசியில் திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை கடிதப் போக்குவரத்து இல்லை. அதற்குள் ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா இருதயமேரி

-----

காட்டூர்
4.1.2026

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்குக் கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு வாழ்த்துகள். அந்த ஒரு வரியை நேரத்தில் எழுதாததற்குத் திட்ட வேண்டாம். லிசி இழுத்துக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுக்க வைத்தாள். நெஞ்சு கல்லாக இருக்கிறது. தோளும் சரியாகிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

படம் முடிந்துவிட்டது. பெயர் 'தொட்டியத்துச் சிலந்தி'. பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, திருச்சியில் ஒரே ஒரு தியேட்டரில் வருகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தேன். எந்த ஜாயின்ட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. கால்கள் எட்டும் ஒன்றோடொன்று இடிக்காமல் போவது அவ்வளவு சுலபமில்லை, கவனித்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நான் மனம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். பேச்சு பேச்சுதான்.

மரியே வாழ்க.
ஆசீர்

-----

மடம்
1.2.2026

பிரியமுள்ள தம்பிக்கு, உன் நெஞ்சு கல் என்று தெரிந்து எல்லாரும் நன்றி செபம் சொன்னோம். இங்கே மதருக்குத்தான் முதுகுவலி.

பிப்ரவரி 18 சாம்பல் புதன். அதற்குப் பிறகு வருகிற கடிதங்களை மதர் படித்துவிட்டு அலமாரியில் பூட்டிவிடுவார். ஈஸ்டருக்குத்தான் எங்கள் கைக்கு வரும். நாங்களும் எழுத மாட்டோம். அதனால் நீ எழுதாமல் இருந்துவிடாதே. முதல் நாள் ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்பது மதரின் கட்டளை. தவக்காலத்தில் அவருக்கு அது ஒன்றுதான் வாசிக்கக் கிடைக்கும்.

அனிஷாவுக்கு என் முத்தம்.
அக்கா இருதயமேரி

-----

காட்டூர்
16.2.2026

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, உடம்புக்கு எல்லாரும் நலம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு ஈஸ்டருக்குத்தான் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. மதர், முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

காலைக் காட்சி. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் தியேட்டர். பாதி சொந்தக்காரர்கள், பாதி காலேஜ் பிள்ளைகள். சிலந்தி முதல் தடவையாக வாழை இலையை விலக்கிக்கொண்டு வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "வாங்கண்ணே, சாப்டீங்களா?" என்றான். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. அதற்கப்புறம் சிலந்தி திரும்பினால் சிரிப்பு, நின்றால் சிரிப்பு. நடுக்காலில் சேஃப்டி ஷூ போட்டிருந்தது ஒரு இடத்தில் தெரிந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினார்கள். தோப்பில் முள் இருக்காதா? வெறுங்காலோடு யாரால் நடக்க முடியும்? இதையெல்லாம் யோசிக்க மாட்டார்களா?

லிசி இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாள். பாலம் வரும்போதாவது அமைதியாவார்கள் என்று நினைத்தேன். அங்கேயும் சிரித்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாரும் போன பிறகும் அனிஷா சீட்டை விட்டு எழவில்லை. கூட்டுகிறவர் வந்து நின்றதும்தான் எழுந்தாள். "சரிப்பா. சொன்னா சொன்னதுதான். ஜூன்ல சேந்துடுறேன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் லிசியின் காட்டன் புடவைகளை எடுத்து, டீச்சருக்குத் தகுந்ததாக நாலைந்தை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் அக்கா. இப்படி ஒரு ஜெயிப்பு எந்த அப்பனுக்கும் வேண்டாம்.

"நான் பயந்தேன்டா" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க கணக்குல வர மாட்டீங்கப்பா" என்கிறாள். ஏன் வர மாட்டேன் என்பதை விடுங்கள்.

ஆசீர்

-----

காட்டூர்
15.3.2026

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, நலம். லிசிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, தவக்காலத்தில் நான் தியாகம் செய்த இனிப்பையும் சேர்த்து அவளே சாப்பிடுகிறாள்.

படம் மூன்று நாளில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. ஆனால் போனில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறுத்தவில்லை. ஸ்ரீரங்கத்தில் ரெங்கராஜ் என்று ஒருத்தர், மொட்டைமாடியில் கோபுரம் தெரிய உட்கார்ந்து சினிமா விமர்சனம் சொல்லி யூடியூபில் போடுகிறார். சிலந்திப் படமென்றால் நட்சத்திரம் கொடுக்க மாட்டாராம், எட்டுக்கு எத்தனை கால் என்று கொடுப்பாராம். நம் படத்துக்கு மூன்று கால். "சிலந்திக்கு வலது பக்கம் சுளுக்கு, பாவம், யாராவது தைலம் தேச்சு விடுங்க" என்று பேசியிருக்கிறார். ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கிறது.

நேரில் கேட்டுவிடுவது என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்கிறவர், மரியாதையானவர். அவர் அம்மா என்ன ஏதென்று கேட்காமல் காபி கொடுத்தார்.

"சிலந்திக்குச் சுளுக்குன்னு சொன்னது நீங்கதானே?" என்றேன்.

"ஆமா சார். நீங்க?"

"டிக்கெட் வாங்கிப் படம் பாத்தவன். தோப்புல கிடக்கிற ஜந்து நொண்டக் கூடாதா? அதுக்குச் சின்ன வயசுல எங்கயாவது விழுந்து அடிபட்டிருக்கக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. "சார், இந்த மாதிரி சின்னப் படத்துல வர்ற சிலந்திய நல்லாருக்கான்னு பாக்கக் கூடாது. அது வெக்கப்படுதான்னு பாக்கணும். சரியா செய்யத் தெரியாதவங்க இருட்டுல காட்டுவாங்க, புகைய போட்டு மூடுவாங்க. இந்தச் சிலந்தி பட்டப்பகல்ல, முழு உடம்போட, நொண்டிக்கிட்டே வந்து நம்ம முன்னாடி நிக்குது சார். அதுக்குத்தான் மூணு கால் குடுத்தேன். மத்ததெல்லாம் என்கிட்ட ஒரு காலத் தாண்டுனதில்ல."

"சரி, பயமா இருந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"பாலத்துல?"

"விழுந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு" என்றார்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்தவர் நான் நடந்து போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரு திரும்பும் முன், "சார், சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆசீர்

-----

காட்டூர்
27.3.2026

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நலமே வேண்டுகிறேன். மதருக்கும் வணக்கம், ஏனென்றால் இது முக்கியமாக அவருக்கு.

இதோடு ஒரு பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். அதில் படம் இருக்கிறது. ஈஸ்டர் கொண்டாட்டத்தில், உங்கள் பூசைக்கு வரும் சாமியாரிடம் லேப்டாப் வாங்கி எல்லாரும் பார்க்க மதர் தயவு செய்து அனுமதிக்க வேண்டும்.

காரணம் இதுதான். ஸ்கூலில் மே மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், பயமாக இருந்ததா என்று கேட்டுவிட்டேன். ஜோஸ்வினின் பாட்டி மட்டும் பயந்தேன் என்றார், விசாரித்ததில் அவர் பக்கத்துத் தியேட்டரில் வேறு படம் பார்த்திருக்கிறார். அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் காரணம் சொல்லாமல் மூன்று காலை நாலு காலாக மாற்றியிருக்கிறார். ஆனால் கால் நமக்கு எதற்கு, பயம்தானே வேண்டும்.

"இன்னும் ஒருத்தங்க பாக்கல. சிஸ்டர் அத்தை. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. அவங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன்" என்று அனிஷா சொல்லிவிட்டாள். அதனால் அக்கா, பொய் சொல்லச் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். ஒரு துளியாவது பயப்பட முயற்சி செய்யுங்கள். போன ஜூலையில் நான் கேட்ட ஜெபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவள் இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டும்.

ஆசீர்

-----

மடம்
7.4.2026

உயிர்த்த ஆண்டவர் சமாதானம்

பிரியமுள்ள தம்பிக்கும் லிசிக்கும் அனிஷாவுக்கும் அக்காவின் ஈஸ்டர் வாழ்த்து. எல்லாரும் சுகம். என் உடம்பைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நேற்று, ஈஸ்டர் திங்களன்று, சாப்பாட்டு அறையில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் படம் பார்த்தோம். உன் தவக்காலக் கடிதங்களை மதர் அதுவரை கொடுக்கவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, படம் முடியட்டும் என்றார். அதனால் ஷூவைப் பற்றியோ சுளுக்கைப் பற்றியோ எனக்கு ஒன்றும் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அனிஷா, உனக்கு நேராகவே எழுதுகிறேன். சிரித்தோம். விளக்குக் கண் எரிந்ததும் இரண்டு சிஸ்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒருவருக்கு விக்கல் வந்து இன்று காலைப் பூசைவரை நிற்கவில்லை. நானும் சிரித்தேன். அதுவும் கொஞ்சமில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அத்தையிடம் நீ உண்மையைக் கேட்டாய், இது உண்மை.

பிறகு பாலம் வந்தது. சிலந்தி தென்னந்தடியில் ஏறியது. ஒரு அடி வைத்து, நின்று, வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி, அப்புறம் அடுத்த அடி. சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அந்த நடையை எனக்குத் தெரியும். கொய்யா மரத்திலிருந்து விழுந்து, கட்டுப் பிரித்து, வீட்டு முற்றத்தில் முதல் தடவையாக நடந்த நாளிலிருந்து தெரியும். நான் மடத்துக்கு வந்த பிறகு அதைப் பார்த்ததே இல்லை. கிராதித் திரை விலகும்போது நீ உட்கார்ந்திருப்பாய் ஆசீர், திரை மூடிய பிறகுதான் எழுவாய். இத்தனை வருஷம் கழித்து, வாழை நாரைப் போர்த்திக்கொண்டு, ஒற்றைத் தடியில், தண்ணீருக்கு மேலே நடந்து வருகிறாய். நீச்சல் தெரியாத மடையன்.

நடுவில் உன் வலது கால் வழுக்கியது. அனிஷா அதை வெட்டாமல் வைத்திருக்கிறாள். நான் எழுந்து, "டேய் ஆசீர், தண்ணிடா, பாத்து வாடா" என்று கத்திவிட்டேன். எங்கள் சாப்பாட்டு அறையில் பேசுவதே அபூர்வம். கத்தியதை நானே ஒரு விநாடி கழித்துத்தான் கேட்டேன்.

அதன் பிறகு கடிதங்களைத் தந்தார்கள். உங்கள் பேச்சை மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரே ஒருத்தராவது நிஜமாகப் பயப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது. சிலந்தியைக் கண்டா, சிலந்திக்கு ஏதாவது ஆகிவிடும் என்றா, அதெல்லாம் பேச்சில் இல்லை. நெஞ்சு இன்னும் ஒரு நிதானத்துக்கு வரவில்லை, இந்த எழுத்தெல்லாம் கோணலாகப் போவது அதனால்தான். அனிஷா, இருதயமேரி பயந்தாள். அம்மா புடவைகளைத் திரும்ப பீரோவில் வை.

அக்கா

பி.கு. இதை எழுதுவது மதர். சிஸ்டர் இருதயமேரி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து, பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடமும் உருண்டது. பயந்தது நிஜம், நான் சாட்சி. கடிதங்களை முன்பே கொடுத்திருந்தால் சஸ்பென்ஸ் போயிருக்கும் என்று நான்தான் பிடித்து வைத்தேன். அக்டோபர் கடிதத்தில் மோர் புளிப்பு என்று வாசித்த அன்றே கூடைக்குள் யார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மடம் இந்தப் படத்துக்கு ஐந்து கால் கொடுக்கிறது. அடுத்த படத்துக்கு முன்னால் சிலந்தி நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும்.